கைவிடப்பட்ட சுரங்கத்துப் பக்கத்தில் குறுகலான கற்குழி: இங்கே என்ன எந்திரம் ஓடியிருக்கும்?

கல்லும்மண்ணும்:
வணக்கம். மலைச்சரிவில் ஒரு பழைய ஈயச் சுரங்கம். மூடி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். செங்குத்தான சுரங்கவாய் இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. எந்திரம் என்று சொல்ல ஒரு போல்ட்கூடக் கண்ணில் படவில்லை.

ஆனால் சுரங்கவாய்க்குக் கீழே சுமார் 40 மீ. தள்ளி ஒரு கற்குழி இருக்கிறது. நீளம் 9.8 மீ., அகலம் 1.5 மீ. மண் விழுந்து தூர்ந்ததுபோக இப்போது தெரியும் ஆழம் 3.7 மீ. இரண்டு பக்கச் சுவரும் நன்றாகச் செதுக்கிய கல், சுண்ணாம்பு பூசாமல் அடுக்கியது. கீழ்முனைச் சுவரில் ஒரு வளைவின் தலை மட்டும் ஒரு சாண் அளவுக்கு வெளியே தெரிகிறது. ஒரு பக்கச் சுவரின் உள்முகத்தில் வளைந்த கீறல்கள் இருக்கின்றன.

கூட வந்தவர் தண்ணீர்த் தொட்டி என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது என்ன, இங்கே என்ன ஓடியது என்பதை இருக்கிற கல்லை வைத்தே சொல்ல முடியுமா?

பழையஇரும்பு:
சக்கரக் குழி. நீர்ச்சக்கரத்தின் கீழ்ப்பாதி நிலத்துக்குள் சுற்றுவதற்காக வெட்டியது.

தண்ணீர் சேமிக்க நினைப்பவன் ஒன்றரை மீட்டர் அகலத்தில் பத்து மீட்டர் நீளத்துக்குக் கல் செதுக்கிக்கொண்டிருக்க மாட்டான். குறைந்த சுவரில் அதிகக் கொள்ளளவு வேண்டுமென்றால் சதுரமாகவோ வட்டமாகவோதான் கட்டுவான். நீளமாக, ஒடுக்கமாக, ஆழமாக ஒரு குழி வேண்டும் என்றால் உள்ளே தட்டையாக ஒன்று செங்குத்தாகச் சுற்றியிருக்க வேண்டும்.

அந்த வளைவுதான் கழிநீர், அதாவது சக்கரத்தைச் சுற்றிவிட்ட தண்ணீர், வெளியே போகும் வாய். அடுத்த தடவை போகும்போது இரண்டு பக்கச் சுவரின் மேல்தளத்திலும் நடுவில் பாருங்கள். மற்றக் கல்லைவிடப் பெரிதாக, தட்டையாக, துளை போட்ட கல் ஒவ்வொன்று இருக்க வேண்டும். அச்சின் தாங்கி உட்கார்ந்த இடம் அது.

சந்தேகப்பிள்ளை:
நீளமான ஒடுக்கமான குழி என்றால் நீர்ச்சக்கரம்தானா? நீராவி எந்திரத்தின் ஓட்டத்தைச் சீராக்கும் கனச்சக்கரத்துக்கும் இதே வடிவத்தில்தான் குழி வெட்டுவார்கள். மரம் அறுக்கும் குழியும் நீளமாக, ஒடுக்கமாகத்தான் இருக்கும். படம்கூட இல்லாமல் ஒரே பதிவில் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே அண்ணா.

பழையஇரும்பு:
//கனச்சக்கரத்துக்கும் இதே வடிவத்தில்தான் குழி//

சரியான கேள்விதான். அறுவைக் குழி ஆள் நின்று இழுக்கும் ஆழம்தான் இருக்கும், அதற்கு யாரும் கல்லைச் செதுக்கிச் சுவர் வைப்பதில்லை. கனச்சக்கரக் குழியோ தனியாக நிற்காது. பக்கத்தில் எந்திரத்துக்கான கனத்த அடித்தளம், கொதிகலன் இருந்த இடம், புகைபோக்கியின் அடி, எல்லாவற்றுக்கும் மேல் சாம்பலும் கரிக்கட்டிக் கசடும் இருக்கும். நிலக்கரி எரித்த இடத்தில் அந்தக் கசடு மண்ணை விட்டுப் போகவே போகாது. அப்புறம், கனச்சக்கரக் குழிக்குள் தண்ணீர் வந்தால் தொல்லை, அதற்கு இவ்வளவு பெரிய கழிநீர் வாய் எதற்கு?

கல்லும்மண்ணும், கருப்புக் கசடு கண்ணில் பட்டதா?

கல்லும்மண்ணும்:
இல்லை அண்ணா. கரித்தூள் எங்கேயும் இல்லை. புகைபோக்கி மாதிரியும் எதுவும் இல்லை.

ஓட்டநீர்:
எந்திரத்தைத் தேடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள். எந்திரத்தைக் கழற்றி விற்கலாம். தண்ணீர் வந்த வழியையும் போன வழியையும் விற்க முடியாது. அது மலையில் வெட்டியது வெட்டியபடியே கிடக்கும்.

மூன்று அளவு வேண்டும்.

ஒன்று, அந்தக் கீறல். சக்கரம் கொஞ்சம் கோணினால் அதன் விளிம்போ, பக்கத்தில் துருத்தும் போல்ட் தலையோ சுவரை உரசும். அந்த உரசல் வட்டத்தின் ஒரு துண்டு. வளைவின் இரு முனைக்கும் கயிற்றை நேராக இழுத்துக் கட்டி அதன் நீளத்தை அளங்கள். பிறகு கயிற்றின் நடுவிலிருந்து வளைவு அதிகபட்சம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளங்கள். இந்த இரண்டு எண் போதும், முழுச் சக்கரமும் கிடைத்துவிடும்.

இரண்டு, தாங்கிக் கல் இருந்தால் அதன் மட்டம்.

மூன்று, குழிக்கு மேலே சரிவில் குறுக்காக ஓடும் ஒரு தட்டையான படி இருக்கும். ஆட்டுப்பாதை என்று நினைத்து அதன்மேல் நடந்தே வந்திருப்பீர்கள். பாதை ஏறும், இறங்கும். வாய்க்கால் ஏறவே ஏறாது. ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர் மட்டும் இறங்கிக்கொண்டு, மலை மடிகிற இடத்தில் எல்லாம் தானும் மடிந்து போகும். கீழ்ப்பக்கம் கரை கட்டியிருக்கும்.

புதுசு_2:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீராவி எந்திரம் வந்த பிறகும் ஏன் நீர்ச்சக்கரத்தோடு மல்லுக்கட்டினார்கள்? கஞ்சத்தனமா?

பழையஇரும்பு:
கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது, நிலக்கரியைச் சுமப்பதுதான் தலைவலி. உலோகச் சுரங்கங்கள் பெரும்பாலும் மலையில் இருக்கும், நிலக்கரி வேறெங்கோ இருக்கும். மழை மட்டும் மலையில் தாராளமாகப் பெய்யும்.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் இருக்கும் மேன் தீவின் லாக்ஸி சக்கரம் இதற்கு நல்ல உதாரணம். 1854-ல் ஓடத் தொடங்கியது. விட்டம் 22.1 மீ., அகலம் சுமார் 1.8 மீ. வடிவமைத்தவர் ராபர்ட் கேஸ்மென்ட். தீவில் நிலக்கரி கிடையாது, கப்பலில்தான் வர வேண்டும். அதனால் ஓடைகளை எல்லாம் ஒன்றுசேர்த்து ஒரு தொட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து குழாயில் இறக்கி, சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் கோபுரத்துக்குள் தன் அழுத்தத்தாலேயே ஏறி உச்சியில் விழும்படி செய்தார்கள். சுமார் 450 மீ. ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் இறைத்த சக்கரம் அது. சுரங்கம் 1929-ல் மூடியது. சக்கரம் இன்றும் நிற்கிறது.

கஷ்டமும் உண்டு. கோடையில் ஓடை வற்றினால் பம்பு நிற்கும். பனிக்காலத்தில் வாய்க்கால் உறைந்தால் நிற்கும். பம்பு நின்றால் சுரங்கத்துக்குள் ஊற்று ஏறும். பல சுரங்கங்களில் நீர்ச்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பின்னாளில் ஒரு நீராவி எந்திரமும் வந்து உட்கார்ந்தது இதனால்தான்.

மண்ணடுக்கு:
அதை ஒட்டி ஒன்று. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் வெள்ளி, ஈயச் சுரங்கங்களுக்காக நூற்றுக்கு மேற்பட்ட குளங்களும் சுமார் 300 கி.மீ. வாய்க்காலும் வெட்டினார்கள். பெரும்பகுதி 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டுக்குள். 2010-ல் அந்த நீர் அமைப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே நிறையச் சக்கரங்கள் நிலத்துக்கு அடியில், பாறையில் குடைந்த அறைகளில் ஓடின. மேல் சக்கரத்தின் கழிநீர் கீழ்ச் சக்கரத்தின் தலையில் விழும். ஒரே தண்ணீரிடம் பல தடவை வேலை வாங்கிய பிறகுதான் வெளியே விடுவார்கள். ஆகவே ஒரு குழியைக் கண்டுபிடித்தால் அதோடு நிறுத்தாதீர்கள். மேலே, கீழே இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லும்மண்ணும்:
அளந்துவிட்டேன்.

கீறலின் கயிற்று நீளம் 4 மீ. நடு விலகல் 45 செ.மீ. கீறல் ஒன்று இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்து, விரல் நுழையும் ஆழம். ஓரங்கள் மழுங்கி வழவழப்பாக இருக்கின்றன.

தாங்கிக் கல் இரண்டும் இருக்கின்றன! பாசியைத் துடைத்ததும் ஒரு கல்லில் நான்கு துளை தெரிந்தது. மூன்று காலி. நான்காவதில் போல்ட்டின் அடித்துண்டு துருப்பிடித்து நிற்கிறது, அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெத்தென்ற உலோகம், நகத்தால் கீறினால் பளிச்சென்று கோடு விழுகிறது. கல்லின் குழிப்பக்க விளிம்பு முழுக்கத் துருக்கறை.

மேலே படியும் இருக்கிறது. ஆட்டுப்பாதை என்றுதான் நினைத்திருந்தேன். சுவரின் மேல்தளத்திலிருந்து சுமார் 5 மீ. உயரத்தில் இருக்கிறது. தூர்ந்துபோகாத ஓரிடத்தில் அடி அகலம் 60 செ.மீ., தண்ணீர் நின்ற தடம் 25 செ.மீ. உயரம்.

பழையஇரும்பு:
அந்தச் சாம்பல் உலோகம் ஈயம். துளையில் போல்ட்டை நிறுத்தி ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள், இறுகிக்கொள்ளும். ஈயச் சுரங்கத்தில் அதற்குப் பஞ்சமா?

ஓட்டநீர்:
அருமை. கணக்கைப் பார்ப்போம்.

ஆரம் = கயிற்று நீளத்தின் வர்க்கம் ÷ (8 × விலகல்) + விலகலில் பாதி. 16 ÷ 3.6 = 4.44. அதோடு 0.225 சேர்த்தால் 4.67 மீ. விட்டம் 9.3 மீ. குழி நீளம் 9.8 மீ. என்றால் முன்னும் பின்னும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இடைவெளி. பொருந்துகிறது.

இன்னும் பாருங்கள். அச்சு சுவர் மட்டத்தில் இருந்தால் சக்கரத்தின் அடி 4.67 மீ. ஆழத்தில் சுற்றும், இடைவெளியோடு குழியின் தரை 5 மீ. ஆழத்தில் இருக்கும். நீங்கள் பார்ப்பது 3.7 மீ. எனவே அடியில் சுமார் 1.3 மீ. மண் கிடக்கிறது. வளைவின் தலை மட்டும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

வாய்க்கால் சுவருக்கு 5 மீ. மேலே. சக்கரத்தின் உச்சி 4.67 மீ. மேலே. ஆக, தண்ணீர் மரத்தொட்டி வழியாக உச்சிக்கே வந்து விழுந்திருக்கிறது. மேல்விழு சக்கரம். வாய்க்கால் அச்சு மட்டத்தில் வந்திருந்தால் நடுவிழு என்று சொல்லியிருப்பேன்.

சக்தி: 60 × 25 செ.மீ. வாய்க்காலில் நொடிக்கு 35 செ.மீ. வேகம் என்று வைத்தால் நொடிக்கு 50 லிட்டர் சொச்சம். விழும் உயரம் 9 மீ. 50 × 9.81 × 9 = சுமார் 4,400 வாட். மேல்விழு சக்கரம் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தரும். 1759-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சிறிய மாதிரிச் சக்கரங்களை வைத்துச் சோதித்து வெளியிட்ட கணக்கும் கிட்டத்தட்ட இதுதான், அடியில் ஓடும் தண்ணீர் தள்ளிச் சுற்றும் கீழ்விழு சக்கரத்தில் தண்ணீரின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஆக நமக்கு 2.9 கிலோவாட். நான்கு குதிரைத்திறன்கூட இல்லை!

ஆனால் அது ராத்திரி பகல் நிற்காமல், எரிபொருள் கேட்காமல் கிடைக்கும் நான்கு குதிரைத்திறன். தண்டிலும் பம்பிலும் நாற்பது சதவீதம் போனாலும் 60 மீ. ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு 170 லிட்டருக்கு மேல் இறைக்கலாம்.

சந்தேகப்பிள்ளை:
கணக்கு ஜோர். ஆனால் பம்பு என்று யார் சொன்னது? சக்கரம் இருந்தது வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். அது எதைச் சுற்றியது என்பதற்கு இதுவரை ஒரு ஆதாரமும் வரவில்லை.

இன்னொன்று. சுரங்கத்தில் சக்கரம் கிடைத்தாலே தண்ணீர் அதைச் சுற்றியது என்று எடுக்கவும் கூடாது. ஸ்பெயினின் ரியோ டின்டோவில் ரோமானியர் காலத்து மரச்சக்கரங்கள் கிடைத்தன. எட்டு ஜோடி, ஒன்றின் மேல் ஒன்றாக, தண்ணீரைச் சுமார் 30 மீ. உயரத்துக்கு ஏற்றியவை. பார்க்க அச்சு அசல் நீர்ச்சக்கரம். ஆனால் அவற்றைச் சுற்றியது ஆள், காலால் மிதித்து. தண்ணீர் அங்கே சுமை. வேல்ஸின் டோலைகோத்தி தங்கச் சுரங்கத்தில் 1935-ல் கிடைத்த சக்கரத் துண்டும் அந்த இனம்தான்.

மண்ணடுக்கு:
//அது எதைச் சுற்றியது என்பதற்கு ஒரு ஆதாரமும் வரவில்லை//

உண்மை. அதற்குக் குழியை விட்டு வெளியே வர வேண்டும். நான் பார்க்கும் முறை இது.

பம்பு என்றால் சக்கரத்திலிருந்து சுரங்கவாய் வரைக்கும் ஒரு நேர்கோடு இருக்கும். அச்சின் முனையில் கிராங்க் என்ற வளைந்த கை, அதிலிருந்து இழுதண்டுகள் முன்னும் பின்னும் போய்வரும். அந்தத் தண்டுகளைத் தாங்கக் கல் தூண்களோ, உருளைகளுக்கான தாங்கிகளோ, சரிவை வெட்டிய ஒரு நேர்ப்பள்ளமோ இருந்தாக வேண்டும். லாக்ஸியில் தண்டு போவதற்காகவே வளைவு வளைவாக ஒரு கல் பாலம் கட்டியிருக்கிறார்கள். சுரங்கவாயின் விளிம்பில் இன்னொரு சிறு குழியும் இருக்கும். கிடையாக வரும் இழுப்பைச் செங்குத்தாகத் திருப்பும் கை அங்கே ஆடும், அதன் மறுமுனையில் கல் நிரப்பிய எதிர் எடைப் பெட்டி. பலரும் அதைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தாது ஏற்றும் சக்கரம் என்றால் குழியின் அகலம் காட்டிக்கொடுக்கும். ஏற்றவும் இறக்கவும் இரண்டு திசையிலும் சுற்ற வேண்டுமே, அதனால் ஒரே சக்கரத்தில் எதிரெதிராக இரண்டு வரிசை வாளிகள் வைப்பார்கள். 1556-ல் அச்சான அக்ரிகோலாவின் சுரங்க நூலிலேயே இதன் படம் இருக்கிறது, ஒருவர் மேலே உட்கார்ந்து இரண்டு மதகை மாற்றி மாற்றித் திறப்பார். உங்கள் குழி 1.5 மீ.தான். இரண்டு வரிசைக்கு ரொம்ப ஒடுக்கம்.

தாது உடைக்க, கழுவ என்றால் சக்கரத்துக்குக் கீழே படிப்படியாகத் தளங்கள் இருக்கும். வட்டமான கழுவு தொட்டிகள் இருக்கும். ஒன்றுமே முளைக்காத நுண்மணல் இருக்கும்.

இந்த மூன்றில் எது இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கல்லும்மண்ணும்:
சுரங்கவாய்ப் பக்கம் தூணும் இல்லை, பள்ளமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாறை மேடு குறுக்கே நிற்கிறது, வெட்டப்படவே இல்லை.

கீழே மூன்று தளங்கள். நடுத்தளத்தில் வட்டமாக ஒரு பள்ளம், சுமார் 5 மீ. குறுக்களவு, நடுவில் ஒரு கல் கூம்பு மாதிரி நிற்கிறது. கடைசித் தளத்துக்குக் கீழே சாம்பல் நிற மணல், புல் பூண்டு இல்லை. கையில் எடுத்துப் பார்த்தேன், பெரும்பாலும் கடுகு அளவு, இடையில் மாவு மாதிரியும் இருக்கிறது.

பழையஇரும்பு:
அப்படியானால் தாது உடைத்த ஆலை. அந்த வட்டம் கழுவு தொட்டிதான். நடுக்கூம்பின்மேல் தாதுப்பொடி கலந்த தண்ணீரை ஊற்றினால், கனமான ஈயத்தாது நடுவிலேயே படியும், இலேசானது விளிம்புக்குப் போகும். மேலே தூரிகை கட்டிய கைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றவும் பெரும்பாலும் ஒரு குட்டி நீர்ச்சக்கரம் உண்டு. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்தில் சிறு குழி தேடுங்கள்.

உலக்கையா உருளையா என்பது அடுத்த கேள்வி. வெள்ளீயம், தங்கம் என்றால் வரிசையாக இரும்புப் பூண் போட்ட உலக்கைகள். அச்சில் இருக்கும் முட்டுகள் தூக்கித் தூக்கிப் போடும். அங்கே தாது கல்லுக்குள் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடப்பதால் மாவாக்கியே தீர வேண்டும். ஈயத்தாது அப்படியில்லை, கட்டியாகக் கிடைக்கும், சட்டென்று நொறுங்கும். மாவாக்கினால் கழுவும்போது தண்ணீரோடு போய்விடும், நஷ்டம். அதனால் 19-ஆம் நூற்றாண்டு ஈயச் சுரங்கங்களில் இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினார்கள். இங்கிலாந்தின் கில்ஹோப் ஈயச் சுரங்கத்தில் சுமார் 10 மீ. விட்டச் சக்கரம் இந்த வேலைக்கு இருந்தது, பின்னாளில் அந்த இடத்தை அருங்காட்சியகமாக்கினார்கள். உங்கள் மணல் கடுகு அளவு என்றால் என் ஓட்டு உருளைக்கு.

மண்ணடுக்கு:
அந்த மணலைக் கையில் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். இனி வேண்டாம். ஈயம் நிறைய மிச்சம் இருக்கும், துத்தநாகமும் காட்மியமும்கூட இருக்கலாம். கையுறை போடுங்கள், அங்கே உட்கார்ந்து எதையும் சாப்பிடாதீர்கள், காய்ந்த நாளில் தூசி கிளப்பாதீர்கள். தங்கச் சுரங்கமாக இருந்தால் பாதரசத்துக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டும்.

சந்தேகப்பிள்ளை:
உலக்கை பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். டோலைகோத்தியில் காரெக் பும்சைன்ட் என்று ஒரு கல் நிற்கிறது. அதன் பக்கங்களில் ஒரே சீராகக் குழிகள். நீரால் தூக்கிப் போட்ட உலக்கைக்கு அடிக்கல்லாக இருந்தது, ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போட்டுப் போட்டு எல்லாப் பக்கமும் தேய்ந்துவிட்டது என்பது விளக்கம். போர்ச்சுகலின் ட்ரெஸ் மினாஸ் ரோமானியத் தங்கச் சுரங்கத்திலும் இதே மாதிரிக் கற்கள் நிறையக் கிடைத்தன. கையால் இடித்த குழி இடம் மாறி மாறி விழும், எந்திரம் இடித்தால் இடைவெளி பிசகாது என்பதுதான் வாதத்தின் உயிர். எந்திரத்தில் ஒரு துண்டு மரம்கூடக் கிடைக்காமல், தேய்மானத்தை மட்டும் வைத்து எந்திரத்தைச் சொல்கிறார்கள். இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நான் எல்லாவற்றையும் மறுப்பவன் இல்லை என்பது பதிவாகட்டும்.

புதுசு_2:
கலிபோர்னியாவில் பெல்டன் சக்கரம் என்று ஒன்று இருந்ததே, அதுவும் சுரங்கத்துக்குத்தானே? இது அதுவாக இருக்க முடியாதா?

பழையஇரும்பு:
முடியாது. பெல்டன் அங்கே தங்கச் சுரங்கங்களுக்காகவே பிறந்தது, காப்புரிமை 1880. ஆனால் அது தண்ணீரின் எடையால் சுற்றுவதில்லை, குழாய்முனையிலிருந்து பீச்சும் வேகத்தால் சுற்றுகிறது. கிராஸ் வேலியில் நார்த் ஸ்டார் சுரங்கத்தில் 1890-களில் 30 அடி விட்டத்தில் ஒன்று வைத்துக் காற்றை அழுத்தினார்கள், ஆனால் அது விதிவிலக்கு. வழக்கமான பெல்டன் சின்னது.

மிச்சமாகக் கிடைப்பதும் வேறு. ஆழமான குழி இருக்காது. போல்ட் நிற்கும் ஒரு சதுர மேடை, அதில் ஒடுக்கமான நீர்ப்பிளவு. மேலே சரிவில் நேராக இறங்கும் குழாய்த்தடம், குழாயைப் பிடித்து நிறுத்திய கட்டைகள், சில சமயம் ரிவெட் அடித்த குழாய்த்துண்டுகள்.

அதற்கு அடுத்த கட்டத்தில் சக்கரம் சுரங்கத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய தேவையும் போயிற்று. 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கி.மீ. கம்பியில் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்களே. அங்கே போய்ச் சக்கரக் குழி தேடினால் கிடைக்குமா?

புதுசு_2:
அப்புறம் ஒரு யோசனை. குழியின் அடியில் 1.3 மீ. மண் என்றால் அதற்குள் சக்கரத்தின் பலகைகள் இருக்குமே. ஒன்றை வெளியே எடுத்தால் காலமும் தெரிந்துவிடும், படமும் போடலாம்.

மண்ணடுக்கு:
தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள்.

நூறு வருஷமாகச் சேற்றில் ஊறிய மரம் பார்க்க முழுசாக இருக்கும். உள்ளே செல்சுவர்கள் கரைந்து, தண்ணீர்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் சில நாளில் சுருங்கி, முறுக்கி, வெடித்துவிடும். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர் எடுத்தால் அது அழிப்பதுதான்.

காலமும் சும்மா தெரிந்துவிடாது. மர வளையத்தை வைத்துக் கணிக்க வேண்டுமானால் போதுமான வளையங்கள் வேண்டும், மரப்பட்டையை ஒட்டிய வெளிவளையம் இருந்தால்தான் வெட்டிய வருஷம் கிடைக்கும். அது எந்த அடுக்கில், எதன்மேல், எதன்கீழ் கிடந்தது என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும். பிடுங்கிய பலகைக்கு அது எதுவும் இல்லை.

முறையாகச் செய்தால் கிடைப்பது வேறு ரகம். இங்கிலாந்தில் டெர்பிஷயர் ஈயச் சுரங்கம் ஒன்றின் ஆழத்தில் 1819-ஆம் வருஷத்து நீரழுத்த எந்திரம் ஒன்று அப்படியே கிடந்தது. சுழலும் சக்கரமே இல்லாமல், குழாயில் இறங்கும் தண்ணீரின் அழுத்தத்தால் பிஸ்டன் நகரும் வகை. 1970-களில் அதை மேலே கொண்டுவந்தார்கள், மேட்லாக் பாத் சுரங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நெறியாளர்:
இரண்டு விஷயம். மேலே ஒரு பதிவில் இருந்த இட ஆயத்தொலைவை நீக்கிவிட்டேன். இரும்பு, கனிமம் பொறுக்குகிறவர்களும் இதைப் படிக்கிறார்கள். அடுத்து, கழிநீர் வாய்க்குள்ளோ கிடைச் சுரங்கத்துக்குள்ளோ யாரும் போக வேண்டாம். பழைய மரத்தளத்தின்மேல் மண் மூடியிருக்கும், அடியில் ஆழம் இருக்கும். காற்றில் ஆக்சிஜன் இல்லாததும் வெளியே தெரியாது. தோண்டுவதற்கு அந்தந்த நாட்டுத் தொல்லியல் துறையின் அனுமதி தேவை. அளப்பது, வரைவது, படம் எடுப்பது தாராளமாகச் செய்யலாம்.

கல்லும்மண்ணும்:
புரிந்தது. எதையும் தொடவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது: இவ்வளவு பெரிய சக்கரம், அச்சு, உருளைகள் எல்லாம் எங்கே போயிருக்கும்? ஒரு பல்சக்கரம்கூட மிச்சமில்லையே.

பழையஇரும்பு:
சுரங்கம் மூடிய மறுநாளே ஏலம் தொடங்கிவிடும். இரும்புக்கு எப்போதும் விலை உண்டு. போர்க்காலங்களில் மிச்சம் மீதியும் பழைய இரும்புக்குப் போனது. பல எந்திரங்கள் உடைபடாமல் அடுத்த சுரங்கத்துக்குப் போய்விட்டன என்பதையும் மறக்கக் கூடாது. மேன் தீவிலேயே ஸ்னேஃபெல் சுரங்கத்துச் சக்கரம், 1865-ல் கட்டியது, 15 மீ. விட்டம். சுரங்கம் மூடியதும் இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குக் கொண்டுபோய்க் களிமண் குழியில் தண்ணீர் இறைக்க வைத்தார்கள். கடைசியில் தீவுக்கே திரும்பி வந்து 2006-லிருந்து லாக்ஸியில் சுற்றுகிறது. ஆகவே ஒரு குழியின் காலமும் அதில் சுற்றிய சக்கரத்தின் காலமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தாங்கிக் கல்லை இன்னொரு தடவை பாருங்கள். நான்கு துளை தவிர, ஈயமோ கல்லோ வைத்து அடைத்த பழைய துளைகள் இருக்கின்றனவா? இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட சக்கரம் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

கல்லும்மண்ணும்:
அடைத்த துளை இரண்டு இருக்கிறது, ஒரு கல்லில் மட்டும். படம் இணைத்திருக்கிறேன்.

மண்ணடுக்கு அக்கா சொன்னபடி மேலேயும் தேடினேன். வாய்க்கால் வரும் வழியில் இன்னொரு குழி! சின்னது, 6 மீ. நீளம். அதன் கழிநீர் வாய், கீழ்க்குழிக்குப் போகும் வாய்க்காலின் தரையைவிட 1.1 மீ. உயரத்தில் இருக்கிறது. ஹார்ட்ஸ் மாதிரியே மேல் சக்கரத்துத் தண்ணீர் கீழ்ச் சக்கரத்துக்குப் போயிருக்கிறது, இல்லையா? அந்தக் குழியிலிருந்து சுரங்கவாய் வரைக்கும் நேராக ஒரு பள்ளமும் இருக்கிறது. பம்பு அதுவாக இருக்கும்.

ஓட்டநீர்:
மட்டம் ஒத்துவருகிறது. தண்ணீர் போயிருக்க முடியும்.

சந்தேகப்பிள்ளை:
போயிருக்க முடியும் என்பது வேறு, போனது என்பது வேறு. இரண்டும் ஒரே காலத்தில் ஓடின என்று எப்படிச் சொல்வது? மேல்குழியின் சுவர் எப்படி?

கல்லும்மண்ணும்:
சுண்ணாம்புக் கலவை போட்டிருக்கிறார்கள். கீழ்க்குழியில் கலவையே இல்லை.

சந்தேகப்பிள்ளை:
பார்த்தீர்களா. இரண்டு வேறு கை, அநேகமாக இரண்டு வேறு காலம்.

மண்ணடுக்கு:
கலவையை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டாம், அது பிந்தைய பழுதுபார்ப்பாக இருக்கலாம். வெட்டு உறவைப் பாருங்கள். இரண்டு குழிக்கும் நடுவில் வாய்க்கால் ஏதாவது கழிவுக் குவியலைத் தாண்டிப் போகிறதா? குவியல் வாய்க்காலை மூடிக்கொண்டு கிடந்தால் வாய்க்கால் பழையது. வாய்க்கால் குவியலை வெட்டிக்கொண்டு போனால் குவியல் பழையது.

கல்லும்மண்ணும்:
வெட்டிக்கொண்டு போகிறது. குவியலின் நடுவில் சுத்தமாகப் பிளந்து, இருபுறமும் கரைக்குக் கல் அடுக்கியிருக்கிறார்கள்.

மண்ணடுக்கு:
குவியலில் இருப்பது கழுவிய மணலா, உடைக்காத கல்லா?

கல்லும்மண்ணும்:
உடைக்காத கல். தலையளவு, கையளவுத் துண்டுகள்.

மண்ணடுக்கு:
அப்படியானால் அது ஆலைக் கழிவு இல்லை, சுரங்கத்திலிருந்து நேரே கொட்டியது. இந்த வாய்க்கால் வெட்டுவதற்கு முன்பே சுரங்கம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அது உறுதி. மேல்குழியின் வயதை இந்தக் குவியல் சொல்லாது. அந்த நேர்ப்பள்ளம் குவியலை வெட்டுகிறதா, குவியல் பள்ளத்தின்மேல் சரிந்திருக்கிறதா என்று பார்த்துப் படம் போடுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள்.